பதினான்காவது கோரிக்கை

முப்பது ஆண்டுகள் கொதிகலன் அருகிலேயே நின்றும், ஒருநாள்கூடத் தான் கொதிக்காத இந்த அவையின் தலைவர், கொதிகலன் பிரிவின் மூத்த தோழர் அவர்களே. முன்வரிசையில் ஆசையோடு வந்தமர்ந்து, அடுத்துப் பேசப்போகிறவன் நான் என்று அறிந்ததும் ஒவ்வொரு நாற்காலியாகப் பின்னுக்கு நகர்ந்துகொண்டிருக்கும் பெரியோர்களே. வெட்டுப் பிரிவின் வீரர்களே, அச்சுப் பிரிவின் அன்பர்களே, பேக்கிங் பிரிவின் தாய்மார்களே, தங்கைமார்களே. பத்தொன்பது ஆண்டுகள் பேச்சுவார்த்தை மேசையின் எதிர்ப்பக்கம் அமர்ந்து, செய்த பாவம் இன்னதென்றே தெரியாமல் என் உரைகளையெல்லாம் கேட்டுத் தீர்த்த பணியாளர் மேலாளர் அவர்களே. இரண்டாம் வரிசையில் இருந்தபடி, 'சுருக்கமா' என்று இரண்டு விரல்களால் சைகை காட்டிக்கொண்டிருக்கும் என் இல்லத்தின் நிரந்தரப் பொதுச்செயலாளரே. உங்கள் அனைவருக்கும் நுரையெனப் பொங்கி நெஞ்செல்லாம் நிறையும் என் வணக்கம்.

எனக்கு முன் ஏழு பேர் பேசினார்கள். ஒருவர் என்னை மலை என்றார். ஒருவர் மலையருவி என்றார். மூன்றாமவர் மலை, அருவி இரண்டையும் விட்டுவிட்டுக் கடல் என்றார். தோழர்களே, நாம் சோப்புத் தொழிற்சாலையின் மக்கள். சோப்பு போடுவது நமக்குத் தொழில். ஆனாலும் ஒரே ஆளுக்கு ஏழு பேர் வரிசையாக நின்று போட்டால், பாவம், அவன் வழுக்கி விழமாட்டானா?

இன்று மாலையோடு எனக்கு வயது முடிந்தது என்று ஆலை சொல்கிறது. வயது முடிந்தவன் உண்மை பேசலாம் அல்லவா? ஆகவே ஓர் உண்மையைப் பேசப்போகிறேன். யாரது அங்கே, 'சீக்கிரம்' என்பது? அச்சுப் பிரிவா? ஐயா, உங்களுக்கு நாளைக் காலை ஷிப்ட். எனக்கு நாளை முதல் ஷிப்டே கிடையாது. எனக்கு எந்த அவசரமும் இல்லை.

உண்மைக்கு முன் ஒரு செய்தி. அடுத்த வாரம் பொதுச்செயலாளர் தேர்தல். நிர்வாகக் குழுத் தோழர்கள் நேற்று என் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணே, மேடையில உங்க வாயால ஒரு பேரைச் சொல்லிட்டு இறங்குங்க. போட்டியே இல்லாம முடிஞ்சிடும்" என்றார்கள். அந்தப் பேர் யாருடையது என்று உங்களுக்கே தெரியும். இதோ என் வலப்பக்கம் அமர்ந்திருக்கிற என் துணைச் செயலாளர். பதினைந்து ஆண்டுகளாக நான் சொன்னதைச் சொன்னவாறே சொல்லி, 'எதிரொலி' என்ற பட்டம் பெற்றவர். நல்லவர், நாணயமானவர், என் நிழலில் நின்றே நிறம் மங்கியவர்.

"வேற யாராவது மனு போட்டிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் போட்டிருக்காங்கண்ணே. பேக்கிங் பிரிவு உம்மக்கா. ஆனா அவங்களுக்குத்தான் பேசவே வராதே" என்றார்கள்.

அந்த ஒரு சொல், தோழர்களே, என்னைத் தூங்கவிடவில்லை. பேச வராது என்று யாரைச் சொன்னார்கள்? யாரிடம் சொன்னார்கள்?

வெளியிலிருந்து வந்த விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். உம்மக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. நாம் வைத்த பெயர் இது. எதைச் சொன்னாலும் 'உம்' என்பார். அதற்குமேல் ஒரு சொல் வேண்டுமானால் விண்ணப்பம் போட வேண்டும். எனக்கு நீங்கள் வைத்த பெயர் 'சங்கு'. ஷிப்ட் முடியும்போது அலறுகிறதே, அந்தச் சங்கு. ஒருமுறை ஆலைச் சங்கு பழுதாகிவிட, ஷிப்ட் முடிந்ததை அறிவிக்க என்னை மொட்டைமாடியில் ஏற்றிக் கத்தவிட்டார் மேலாளர். கத்தினேன். நம் ஆலையில் ஷிப்ட் முடிந்தது. பக்கத்து ஆலையிலும் ஷிப்ட் முடிந்து, ஆட்கள் கை கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

அந்தக் குரலை நம்பித்தான் சங்கத்துக்கு வந்தேன். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், வாயிற்கூட்டத்தில் என் முதல் முழக்கம். 'காரிருளைக் கிழித்துக் கதிரவன் எழுவதுபோல், கரையினை உடைத்துக் கடலலை எழுவதுபோல், எழுவோம், எழுந்து நிற்போம், நின்று வெல்வோம்' என்று முழங்கினேன். கைதட்டல் கூரையைத் தூக்கியது. இறங்கி வந்தபோது வெட்டுப் பிரிவுப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, ரொம்ப நல்லா பேசுனே. நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லிடு" என்று கேட்டார். வேலைநிறுத்தத்தை விலக்கிக்கொள்கிறோம் என்று அறிவிப்பதற்காகக் கூட்டிய கூட்டம் அது. மறுநாள் பாதிப் பேர் வரவில்லை.

பாடம் கற்றேனா? இல்லை. கைதட்டலைத்தான் கற்றேன்.

இனி உண்மைக்கு வருகிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நீங்கள் 'மௌனப் போர்' என்கிறீர்கள். ஆண்டு மலரில் அட்டைப்படமாகவே போட்டீர்கள். ஒரு வார்த்தையும் பேசாமல் நிர்வாகத்தை மண்டியிட வைத்தான் இந்தச் சங்கு என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறீர்கள். அந்தக் கதையில் ஒரே ஒரு சொல்தான் உண்மை. நான் பேசவில்லை என்பது.

அன்றைய பேக்கிங் கூடத்தை நினைத்துப் பாருங்கள். தகரக்கூரை. இரண்டு பெல்ட். அறுபத்திரண்டு பெண்கள். கோடியில் இரண்டு கழிப்பறைகள். அதில் ஒன்றைப் பூட்டி உள்ளே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மிச்சம் ஒன்று. அதற்குப் போக மேற்பார்வையாளர் மேசைக்கு மேல் ஆணியில் தொங்கும் பித்தளை டோக்கனை எடுக்க வேண்டும். அதுவும் ஒன்றே ஒன்று. போகும் நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். வந்த நேரத்தை எழுத வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேலானால் காரணம் எழுத வேண்டும். போய்வர நடக்கவே மூன்று நிமிடம். உலகத்தின் உடலையெல்லாம் கழுவச் சோப்பு கட்டி அனுப்பியவர்கள், தங்கள் உடலின் சாதாரணத் தேவைக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

என்ன செய்தார்கள் நம் தாய்மார்கள்? தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். காலையில் வீட்டில் வாயை நனைத்துக்கொண்டு வந்தால், மாலையில் வீட்டுக்குப் போய்த்தான் அடுத்த மிடறு.

உம்மக்கா அறுபத்திரண்டு கையெழுத்தோடு ஒரு மனு எழுதிக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தார். நான் அப்போது ஓர் அரிய பணியில் ஆழ்ந்திருந்தேன். 'உழைப்பு' என்ற சொல்லுக்கு எதுகை தேடிக்கொண்டிருந்தேன்.

"வச்சிட்டுப் போங்கக்கா. பார்த்துக்கலாம்" என்றேன்.

"உம்" என்றார்.

பார்த்துக்கொண்டேன். எப்படித் தெரியுமா? நிர்வாகத்துக்குக் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில் பதினான்காவதாக, கடைசி வரியில், 'கழிப்பறை மற்றும் இதர வசதிகள்' என்று சேர்த்தேன். பதின்மூன்றாவது கோரிக்கை எது என்று கேளுங்கள். கேட்கமாட்டீர்களா? நானே சொல்கிறேன். சங்க அலுவலக வாசலுக்குப் புதிய பெயர்ப்பலகை.

சிரியுங்கள். சிரித்தால்தான் எனக்கும் சொல்ல முடியும்.

பேச்சுவார்த்தைக்கு முந்தைய மாலை வாயிற்கூட்டம். ஒலிபெருக்கி பாதியில் நின்றுபோனது. வேறொருவன் என்றால் உரையை முடித்திருப்பான். நான் வெறுந்தொண்டையில் இரண்டரை மணி நேரம் முழங்கினேன். மறுநாள் காலை எழுந்து, "டீ" என்று கேட்டேன். காற்றுதான் வந்தது. மறுபடி கேட்டேன். காற்றும் வரவில்லை.

இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறாரே, இவர் என் முகத்தைப் பார்த்தார். "என்னாச்சு? பேச வரலையா? நிஜமாவே வரலையா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு நிதானமாக எனக்கு எதிரே உட்கார்ந்து, "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நான் ஆரம்பிச்ச ஒரு பேச்சை முடிக்கப்போறேன்" என்று தொடங்கினார். முக்கால் மணி நேரம். பதில் சொல்ல எனக்கு வழியில்லை.

மருத்துவர், "மூணு நாள் வாயைத் திறக்கக் கூடாது. மணிக்கு ரெண்டு டம்ளர் வெந்நீர் குடிங்க" என்றார். காலை பத்து மணிக்குப் பேச்சுவார்த்தை அறைக்குள் நுழைந்தபோது, குரல் இல்லாத தலைவன் வயிற்றில் ஆறு டம்ளர் வெந்நீர் இருந்தது. இந்த ஆறு டம்ளரைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். நான் வயிற்றில் வைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் நான்கு பேர்: நான், எதிரொலி, பொருளாளர், உம்மக்கா. உம்மக்காவை ஏன் அழைத்துப் போனோம்? குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சங்க விதி சொல்கிறது. ஒப்புக்கு அழைத்துப் போனோம். எதிர்ப்பக்கம் நான்கு பேர்: நிர்வாக இயக்குநர், சட்ட ஆலோசகர், குறிப்பெழுதுகிறவர், நம் மேலாளர். மேலாளர் அவர்களே, அன்று நீங்கள் காதில் கொதிகலன் பிரிவின் அடைப்பான்களை மாட்டிக்கொண்டு வந்திருந்ததை நான் பார்த்தேன். இன்றுவரை கோபமில்லை.

என்னால் பேச முடியாததால் எதிரொலியிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து எப்படி என்று உங்களுக்குத் தெரியும். 'எங்கள் கருத்தை நிர்வாகம் மதிக்க வேண்டும்' என்று எழுதினேன். அவர் எழுந்து நின்று கணீரென்று, "எங்கள் கழுத்தை நிர்வாகம் மிதிக்க வேண்டும்" என்று படித்தார். இயக்குநர் யோசித்துவிட்டு, "இதுல எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்றார்.

அதற்குமேல் எதிரொலிக்கும் குரல் வரவில்லை. குற்றம் அவருடையதா? குரல் எழுப்பியவனே ஊமையாகிவிட்டால் எதிரொலி எங்கிருந்து எழும்? அவரைப் பேசவிடாமல் நானே பேசிக்கொண்டிருந்த குற்றம் என்னுடையது.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். பொருளாளர் கூரையைப் பார்த்தார். அப்போது உம்மக்கா எழுந்தார். கைப்பைக்குள்ளிருந்து பித்தளை டோக்கனை எடுத்து மேசை நடுவே வைத்தார். கூடவே ஒரு நோட்டு. தன் பிரிவில் பக்கத்தில் நிற்கிறவரோடு பேசுவாரே, அதே குரலில் பேசினார்.

"ஐயா, எனக்குச் சட்டமெல்லாம் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பேச்சு முடியிற வரைக்கும் இந்த ரூம்ல எங்க செக்‌ஷன் ரூலை வச்சுக்கலாமா? பாத்ரூம் போறவங்க இதை எடுத்துட்டுப் போகணும். ஒருத்தர் வந்தப்புறம்தான் இன்னொருத்தர். அஞ்சு நிமிஷம். நேரம் நான் எழுதிக்கறேன்."

இயக்குநர் சிரித்தார். "அவ்வளவுதானே? தாராளமா வச்சுக்கலாம்" என்றார்.

"உம்" என்றார் உம்மக்கா. எல்லோருடைய டம்ளரிலும் தண்ணீர் ஊற்றினார்.

முதல் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. முதல் கோரிக்கையிலேயே நின்றோம். தேநீர் வந்தது. குடித்தார்கள். இரண்டாவது மணி நேரத்தில் முதலில் எழுந்தவர், மேலாளர் அவர்களே, சிரிக்காதீர்கள், நீங்கள்தான். டோக்கனோடு போனீர்கள். பதினோரு நிமிடம் கழித்து வந்தீர்கள். உம்மக்கா நோட்டைப் புரட்டி, "ஐயா, ஆறு நிமிஷம் கூட ஆயிடுச்சு. காரணம் சொல்லுங்க, எழுதணும்" என்றார்.

அவர் என்ன காரணம் சொல்வார்? எட்டுப் பேர் நடுவில், கோட்டு போட்ட மனிதர், என்ன சொல்வார்? முகம் சிவந்து நின்றார். உம்மக்காவின் முகத்தில் கேலி இல்லை. பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அப்புறம், "பரவாயில்ல, உக்காருங்க. எங்க செக்‌ஷன்ல எழுதாம விடமாட்டாங்க" என்றார்.

அடுத்து சட்ட ஆலோசகர் டோக்கனை எடுத்துக்கொண்டு போனார். அவர் போன மறுநொடியே இயக்குநர் எழுந்தார். நேராகக் கதவுக்குப் போனார்.

"ஐயா, டோக்கன் வெளிய போயிருக்கு" என்றார் உம்மக்கா, மெதுவாக.

அவர் போயிருக்கலாம். யார் தடுப்பது? கதவு அவருடையது, கட்டடம் அவருடையது, கழிப்பறையும் அவருடையது. ஆனால் சரி என்று சொன்ன வாய் அவருடையதாயிற்றே. கதவின் பிடியில் கையை வைத்தபடி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார்.

தோழர்களே, அப்போது உங்கள் தலைவன் என்ன நிலையில் இருந்தான் என்று ஒருவராவது கேட்டீர்களா? ஆறு டம்ளர் வெந்நீர், அதன்மேல் இரண்டு டம்ளர் தண்ணீர், அதன்மேல் ஒரு தேநீர். வாயைத் திறந்து கேட்கவும் வழியில்லை. கையை ஆட்டினேன். எதிரொலி அதைப் புரிந்துகொண்டு, "இரண்டாவது கோரிக்கையில் எங்கள் தலைவர் உறுதியாக இருக்கிறார்" என்றார். மேலும் வேகமாக ஆட்டினேன். "மிக உறுதியாக இருக்கிறார்" என்றார்.

சட்ட ஆலோசகர் திரும்பி வந்து டோக்கனை மேசையில் வைத்தார். இந்தப் பக்கமிருந்து ஒரு கை பாய்ந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு கை பாய்ந்தது. உள்ளங்கை அகலப் பித்தளையை, ஒரு முனையில் இயக்குநரும் மறு முனையில் நானும் பிடித்துக்கொண்டோம். அதுவரை எத்தனை மேடைகளில் வர்க்கப் போராட்டம் என்று முழங்கியிருப்பேன்? அன்றைக்குத்தான் அதை அடிவயிற்றில் உணர்ந்தேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை.

உம்மக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கே இப்படி இருக்கு. நாங்க அறுபத்திரண்டு பேரு" என்றார்.

பிறகு, "போன மாசம் ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு பெல்ட் பக்கத்துல மயங்கி விழுந்துட்டா. தண்ணி குடிக்காததாலன்னு டாக்டர் சொன்னாரு. ஏன் குடிக்கலன்னு யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல" என்றார்.

அந்த 'நீங்களும்' இயக்குநருக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் பார்த்தது என்னை.

இயக்குநர் டோக்கனை விட்டுவிட்டார். பட்டியலை இழுத்தார். பதின்மூன்று கோரிக்கைகளைத் தாண்டி, கடைசி வரிக்குப் பக்கத்தில், 'ஆறு கழிப்பறைகள், நாற்பது நாட்களுக்குள். டோக்கன் முறை இன்றோடு ரத்து' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்தார். நானும் எழுந்தேன். முதலாளியும் தொழிலாளியும் தோளோடு தோள் நின்று ஒரே திசையில் ஓடிய ஒரே நாள் நம் ஆலை வரலாற்றில் அதுதான்.

மற்றக் கோரிக்கைகளுக்கு இன்னும் மூன்று அமர்வுகள் ஆயின. சில வென்றோம், சில தோற்றோம். பெயர்ப்பலகையைத் தோற்றோம், இன்றைக்கும் பழைய பலகைதான் தொங்குகிறது.

அன்று வாயிலில் நீங்கள் காத்திருந்தீர்கள். எதிரொலி ஓடிவந்து, "தலைவர் ஒரு வார்த்தை பேசல, நிர்வாகம் கையெழுத்துப் போட்டுருச்சு" என்றார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. என்னைத் தோளில் தூக்கினீர்கள். நான் மறுத்தேனா? மருத்துவர் மூன்று நாள் பேசக் கூடாது என்றார் என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னேன். நான்காம் நாள் குரல் வந்தது. அன்றும் சொல்லவில்லை. பதினோரு ஆண்டுகள், எல்லாவற்றையும் பேசிய இந்த வாய், இதை மட்டும் பேசவில்லை.

நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒருநாள், பேக்கிங் கூடத்துப் பக்கம் அவரைத் தனியாகப் பார்த்தபோது, "ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"பாத்ரூம் வந்துடுச்சில்ல. கதை யார் பேர்ல இருந்தா எனக்கென்ன" என்றார். நான் நிம்மதியாக நகரப் பார்த்தேன். "ஆனா ஒண்ணு தலைவரே. பதினாலாவதா போட்டீங்க பாருங்க, அதுதான் மனசு ஆறல" என்றார்.

இத்தனை ஆண்டுகளில் என்னை எதிர்த்து எத்தனையோ பேர் கூச்சலிட்டார்கள். எதுவும் தைக்கவில்லை. இது தைத்தது.

தாய்மார்களே, தோழர்களே, பேச வராது என்கிறார்களே, பேச்சு என்றால் என்ன? அடுக்கடுக்காக அழகுத் தொடர் தொடுப்பதா பேச்சு? அடுத்தவன் வயிற்றில் அந்த வலியை வைத்துக் காட்டுவதா பேச்சு? கூட்டத்தைக் கைதட்ட வைப்பதா பேச்சு? கையெழுத்திட வைப்பதா பேச்சு? தமிழில் 'உம்' என்று ஓர் இடைச்சொல் உண்டு. தனியாக நின்றால் அதற்குப் பொருளில்லை என்று நினைப்போம். ஆனால் 'நீயும் நானும்' என்று இரண்டு பேரைச் சேர்க்க அது இல்லாமல் முடியுமா?

நிர்வாகக் குழுத் தோழர்களே, நீங்கள் கேட்ட பேரை நான் சொல்லப்போவதில்லை. யார் பேரையும் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொல்லிச் செயலாளரை அமர்த்துவது என் வேலையில்லை, உங்கள் ஓட்டின் வேலை. எதிரொலித் தோழரே, நீங்களும் போட்டியிடுங்கள். இந்த ஒரு வாரம் நான் சொன்ன எதையும் சொல்லாமல், உங்களுக்குத் தோன்றியதை மட்டும் பேசிப் பாருங்கள். நன்றாக இருக்கும். என்ன, தலையாட்டுகிறீர்கள்? சரி என்கிறீர்களா, இல்லை நான் தலையாட்டினேன் என்று ஆட்டுகிறீர்களா?

அவைத்தலைவர் எனக்குத் தந்த நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருக்கிறது. என் வாழ்நாளில் முதல்முறையாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பேக்கிங் பிரிவு வரிசையில், தூணுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அக்கா, நீங்கள் வர வேண்டும். இல்லை என்று கையை ஆட்டாதீர்கள். அந்தக் கையாட்டலுக்கு என்ன பொருள் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள், எனக்கு அனுபவம் உண்டு. வழி விடுங்கள் தங்கைமார்களே. எழுந்துவிட்டார்.

ஒலிபெருக்கி அமைத்த நண்பரே, ஒலியைக் கூட்ட வேண்டாம். அவருக்குக் கத்திப் பழக்கமில்லை. பின்வரிசைக்கு ஓடிய பெரியோர்களே, நாற்காலிகளை எடுத்துக்கொண்டு முன்னால் வாருங்கள். இந்தக் குரலுக்கு நாம்தான் கிட்டப் போக வேண்டும்.

இத்தனை ஆண்டுகள் என்னைப் பொறுத்த உங்கள் செவிகளுக்கு நன்றி. என்னை எதிர்த்தவர்களுக்கு நன்றி, வீட்டில் காத்திருந்தவருக்கு நன்றி. பேச வருகிறவருக்கு என் வணக்கம்.

சொல்லுங்கக்கா. நாங்க உம் கொட்டறோம்.